ஒன்பது சீட்டு பாக்கி இருக்கையில்

பார்சலுக்குக் கணக்கு வராது என்பது அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. கூரியர் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து பொட்டலம் எடை போடுகிறவள் என்பதால் நாத்தனாரின் கணவர் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தார். எடையை மெஷின் காட்டும், கட்டணத்தையும் மெஷினே காட்டும், இவள் பாட்டுக்கு ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டிருப்பாள். கணக்குப் பிரிவுக்குப் போக ஆபீஸில் வைத்த பரீட்சையில் மூன்றாம் தடவையும் கோட்டை விட்டபோது, அவள் பேச்சையே நிறுத்திவிட்டாள். சமைத்தாள், துவைத்தாள், வேலைக்குப் போனாள். ஆனால் கேட்டதற்கு 'ம்' என்பதோடு சரி. வீட்டில் ஆள் நடமாடியும் ஆளே இல்லாத மாதிரி இருந்தது, ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அவள் புருஷனால் அதைத் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளைத் தன் அக்காவின் தையல் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துணி வெட்டுகிற பெரிய மேசையில் அக்கா, அக்கா புருஷன், இவன் என்று மூவரும் வாரா வாரம் போக்கர் ஆடுவார்கள். காசுக்குப் பதில் சட்டைப் பட்டன். கடைசியில் பட்டனைச் சில்லறையாக மாற்றிக்கொள்வார்கள், அது டீச்செலவுக்குக் கூடக் காணாது. நாலாவது ஆளாக இவளை உட்கார வைத்தார்கள்.

ஆட்டம் ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகக் கையில். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். ஒவ்வொரு திறப்புக்கும் பட்டன் போட்டால் உள்ளே நிற்கலாம், இல்லாவிட்டால் கையைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்க வேண்டியதுதான். நடுவில் குவிகிற பட்டனுக்குப் பாட் என்று பெயர்; கையும் நடுவும் சேர்த்து ஜோடி, மூன்று ஒரே எண், ஐந்து ஒரே இனம் என்று எவருடையது பெரிதோ அவருக்கு அது, மற்றவர்கள் எல்லாம் ஒதுங்கிவிட்டால் மிஞ்சியவருக்கு. எவ்வளவு பட்டனுக்கு உள்ளே நிற்கலாம், எவ்வளவுக்கு நிற்கக் கூடாது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

அதைச் சொல்லிக் கொடுத்தவர் நாத்தனாரின் கணவர். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் அவர், எதைச் சொல்லிக் கொடுத்தாலும் மேசைக்கடியில் கால் பிரேக்கைத் தேடும்.

"பயப்படாத பார்சலு. ரெண்டே கேள்வி. இன்னும் ஒரு சீட்டு திறக்கணும்னு வெச்சுக்கோ. உன்னை ஜெயிக்க வைக்கிற சீட்டு எத்தனை பாக்கி இருக்கு? அதை ரெண்டால பெருக்கு. நூத்துக்கு அவ்வளவு உன் வாய்ப்பு. ஒண்ணு ரெண்டு கூடவே இருக்கும், பரவாயில்ல."

"ரெண்டாவது கேள்வி?"

"நீ போட வேண்டியதைப் போட்டா பாட் மொத்தம் எவ்வளவு ஆகும்? அதுல நீ போடறது நூத்துக்கு எவ்வளவு? அதுதான் விலை. விலையை விட வாய்ப்பு பெருசுன்னா கண்ணை மூடிக்கிட்டு போடு. சின்னதுன்னா கவுத்து வெச்சுட்டு தண்ணி குடி."

சொல்வதற்கு என்ன, சுலபமாகத்தான் இருந்தது. இவள் உதடு முணுமுணுக்கும், விரல் முந்தானைக்குள் எண்ணும், அதற்குள் மூன்று பேரும் கொட்டாவி விட்டு முடித்திருப்பார்கள். "நடுரோட்டுல நின்னு யோசிச்சா பின்னாடி வர்ற லாரி ஒதுங்கிப் போகுமா?" என்பார் மாஸ்டர். அவளுக்கு ரோஷம் வந்தது. கவுண்டரில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் மனசுக்குள் பட்டன் போட்டாள். பஸ்ஸில் போட்டாள், குளிக்கும்போது போட்டாள். ஒரு ஞாயிறன்று சீட்டு திறந்த மாத்திரத்தில், உதடு அசையாமல், விலையும் வாய்ப்பும் பளிச்சென்று தலைக்குள் வந்து நின்றன. பரீட்சைத் தாளைப் பார்த்தால் வியர்க்கிற அதே மூளைதான் அது.

அப்புறம் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. வாரா வாரம் ஜெயித்தாள். வீட்டில் சிரிப்புச் சத்தம் திரும்பியது, குழம்பில் உப்பும் திரும்பியது. டவுனில் ஒரு கிளப்பில் வாரம் முழுக்கப் பெரிய ஆட்டம் நடக்கிறது, அதையே பிழைப்பாக ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். ஆபீஸில் முன்கூட்டியே சொல்லி வைத்து, ஒரு வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டுவிட்டாள். கடைசிச் சம்பளத்தை அப்படியே கிளப்பில் கட்டிப் பெயரையும் கொடுத்துவிட்டாள். விட்டுவிட்டதைப் பற்றி வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் மூவரிடமும் சேர்த்துச் சொல்லி அசத்த வேண்டும் என்று ஆசை.

அந்த ஞாயிறும் வந்தது. நடுவில் நாலு சீட்டு திறந்து கிடந்தது: ஆர்ட்டின் ராணி, கிளாவர் எட்டு, ஆர்ட்டின் மூன்று, இஸ்பேட் இரண்டு. இவள் கையில் ஒரு ராணி இருந்ததால் ராணி ஜோடி. பாட்டில் எண்பது பட்டன் சேர்ந்திருந்தது. இவள் பத்தைத் தள்ளினாள். புருஷன் கவிழ்த்தான். அண்ணி என்று இவள் கூப்பிடும் நாத்தனாரும் கவிழ்த்தாள். மாஸ்டர் மோவாயைத் தடவிவிட்டு, "ஐயோ, பார்சல் கிட்ட மாட்டினேன்" என்று சீட்டை வீசினார். வீசிய வேகத்தில் இரண்டும் மேசை விளிம்பைத் தாண்டி இவள் காலடியில் மல்லாக்க விழுந்தன. எடுத்துக் கொடுக்கக் குனிந்தாள்.

ஆர்ட்டின் ஆறு, ஆர்ட்டின் ஒன்பது.

கையில் இரண்டு ஆர்ட்டின், நடுவில் இரண்டு. இன்னும் ஒரு ஆர்ட்டின் விழுந்தால் ஐந்தும் ஒரே இனம், இவள் ராணி ஜோடி பஞ்சாய்ப் பறந்திருக்கும். சீட்டுக் கட்டில் மொத்தம் பதிமூன்று ஆர்ட்டின், இந்த நாலு போகப் பாக்கி ஒன்பது. ஒன்பதை இரண்டால் பெருக்கினால் பதினெட்டு. அவர் போட வேண்டியது பத்து, போட்டால் மொத்தம் நூறு. விலை பத்து, வாய்ப்பு பதினெட்டு. குனிந்த நிலையிலேயே எல்லாம் வந்துவிட்டது. நிமிர மறந்து அப்படியே இருந்தாள்.

"அண்ணா, இதை ஏன் கவுத்தீங்க?"

"என்னமோ பயமா இருந்துச்சும்மா."

கண்ணை மூடிக்கொண்டு போடச் சொன்ன மனுஷர் பயம் என்கிறார். மேசையில் கவிழ்ந்து கிடந்த அண்ணியின் சீட்டைப் புரட்டினாள். அண்ணி தடுக்கக் கை நீட்டினாள், ஆனால் எட்டவில்லை. இரண்டும் எட்டு. நடுவில் கிடந்ததோடு மூன்று எட்டு. கணக்கே வேண்டாம், அப்போதே ஜெயித்துவிட்ட கை. புருஷனுடையதைப் புரட்டினாள். இரண்டு ஏஸ். அதுவும் இவள் ராணி ஜோடியைத் தூக்கிச் சாப்பிடும் கை.

தையல் மெஷின் மேல் இருந்த டீ டம்ளரை யாரோ நகர்த்தினார்கள். யார் என்று அவள் பார்க்கவில்லை. போன வாரம், அதற்கு முந்தின வாரம், அவள் ஜெயித்த கையெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. எல்லாவற்றிலும் கடைசி பட்டனுக்கு மூன்று பேரும் வரிசையாகக் கவிழ்த்திருந்தார்கள். அவள் குப்பைச் சீட்டோடு மிரட்டியபோதும் கவிழ்த்திருந்தார்கள்.

"எத்தனை நாளா?" என்றாள்.

புருஷன்தான் வாய் திறந்தான். "நீ பேசாம கிடந்தியே, எனக்கு வேற வழி தெரியல. ரெண்டு வாரம் விட்டுக் குடுங்கன்னு நான்தான் கேட்டேன். நீ சிரிக்க ஆரம்பிச்சுட்டே. அப்புறம் எப்படி நிறுத்தறது?"

"ஆனா கணக்கு நீ நிஜமாவே கத்துக்கிட்டே பார்சலு," என்றார் மாஸ்டர் அவசரமாக. "அதுல பொய்யே இல்ல."

அது உண்மைதான். அதனால்தானே இப்போது தெரிந்தது. கத்துக்காத மக்காகவே இருந்திருந்தால் சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சிரித்திருப்பாள்.

"நான் வெள்ளிக்கிழமையோட வேலையை விட்டுட்டேன். கிளப்புல பேர் குடுத்து, சம்பளத்தை அங்க கட்டிட்டேன்."

மாஸ்டரின் கால் மேசைக்கடியில் அசையாமல் நின்றது. அண்ணி மெதுவாகக் கேட்டாள்: "நாளைக்குப் போய்த் திரும்பக் கேட்டுப் பாரேன்?"

"என் எடத்துக்கு ஒரு பொண்ணு வந்தாச்சு அண்ணி. நான்தான் வாரம் பூரா பக்கத்துல உக்கார்ந்து வேலை சொல்லிக் குடுத்தேன். நல்ல பொண்ணு, சீக்கிரம் புடிச்சுக்கிட்டா."

புருஷனுக்கு இப்போதுதான் கோபம் வந்தது. பயத்தில் வருகிற கோபம். "இவ்வளவு பெரிய காரியம், எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டேனே. நீங்க ஃபிரிட்ஜ் கதவை மாட்டிட்டிருந்தீங்க. வேலையை விட்டுட்டு இதையே பாக்கட்டுமான்னு கேட்டேன்."

அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"உன் திறமைக்கு அந்தக் கவுண்டர்ல ஏன் உக்காந்து கெடக்கேன்னு சொன்னீங்க," என்றாள். "சிரிச்சுக்கிட்டேதான் சொன்னீங்க. நான் அதையும் நெஜம்னு நெனச்சுட்டேன்."