உள்ளங்கைப் புள்ளிகள்

கூடத்தில் கணவனின் உடலைக் கிடத்தியிருக்க, அவள் கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

"ஒரு இடத்துல உக்காருடி," என்று அக்கா கையைப் பிடித்து இழுத்தாள். எங்கே உட்கார? உட்கார்ந்தால் அந்த டாக்டரம்மாவின் கேள்வி எதிரே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

"வீட்டுல நாய் ஏதாச்சும் இருக்காம்மா?"

"ஐயய்யோ, இல்லைங்க!" பெருமையாக வேறு சொல்லித் தொலைத்தாள். நாய்தான் வெல்டிங் பட்டறையில் இருந்ததே. வீட்டுக்குள் நாய் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றவளே அவள்தான். காய்ச்சலும் தலைவலியுமாக அவன் படுத்தபோது மணிக்கட்டிலும் உள்ளங்கையிலும் சிவப்புப் புள்ளிகள். வெல்டிங்காரன் பெண்டாட்டிக்குப் புள்ளி என்ன புதுசா? பொறி பட்டிருக்கும் என்று களிம்பு தடவினாள். டாக்டரம்மாவிடமும் அதையே சொன்னாள். கடைசியில் உண்ணிக் காய்ச்சல் என்று கண்டுபிடித்தபோது சிறுநீரகம் போய்விட்டிருந்தது.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா மாத்திரையிலயே அடங்கியிருக்கும்மா."

தன் வாயைத் தானே கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பட்டறை வாசலில் அவனும் அவன் தம்பியும் நாயின் காது மடலைப் பிரித்து, வெறும் விரலால் உண்ணி பிடுங்கி நகத்தில் நசுக்குவார்கள். யார் அதிகம் என்று போட்டி வேறு. எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்!

அந்தத் தம்பி, அவள் கொழுந்தன், வீட்டு வாசலில் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்ல அண்ணி. தூக்கம் கெட்டது. தலை வெடிக்குது."

அழுத வீட்டில் யாருக்குத்தான் தலை வலிக்கவில்லை? ஆனாலும் அவன் கையைப் பிடித்தாள். அனலாகக் கொதித்தது. திருப்பிப் பார்த்தாள்.

"பொறி பட்டது அண்ணி."

"எப்ப பட்டுச்சு? அண்ணன் படுத்த அன்னிக்கே பட்டறையப் பூட்டிட்டு எங்ககூட ஆஸ்பத்திரியில கிடந்தியே!"

அவள் செருப்பை மாட்டினாள்.

மாமனார் குறுக்கே வந்தார். "எங்கம்மா கிளம்பிட்ட? எடுக்கிற நேரம். பொண்டாட்டி இல்லாம எப்படி? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"அவரு காத்திருப்பாரு மாமா. இவனால முடியாது."

ஆட்டோ மெதுவாகப் போவதாக வழியெல்லாம் டிரைவரைத் திட்டினாள்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பெண் தலை நிமிராமல் கேட்டாள்: "என்ன பண்ணுது?"

"நாய் இருக்குங்க," என்றாள். "எங்க வீட்டு நாய். உடம்பெல்லாம் உண்ணி."

கொழுந்தனின் உள்ளங்கையை மேஜைமேல் விரித்து வைத்து, மூட விடாமல் பிடித்துக்கொண்டாள்.