நாதிர் என்கிற இன்னொருவன்

யுஸ்ராவுக்கு வந்த புது லேப்டாப்பைத் தயார்செய்து கொடுக்கும் வேலை நாதிர் தலையில்தான் விழுந்தது. அலெக்ஸாந்திரியாவில் டிராம் பாதையை ஒட்டிய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த அந்தக் கம்பெனியில் யார் புதிதாக வந்தாலும் அது அவன் தலையில்தான் விழும். பெயர் என்னவோ சீனியர்; பார்ப்பதெல்லாம் எடுபிடி. துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னர் எது எங்கே இருக்கிறது என்று காட்டுகிற சாஃப்ட்வேர் அவர்களுடையது. அந்த டீமுக்குத் தலைவராக இருந்தவர் துபாய்க்குப் போய்விட்டார். காலியான நாற்காலி தனக்குத்தான் என்று நாதிர் மனசுக்குள் பட்டாபிஷேகமே நடத்தி முடித்திருந்தான். அந்த நேரம் பார்த்துத்தான் கெய்ரோவிலிருந்து இந்த யுஸ்ரா வந்து இறங்கினாள்.

எல்லா சாஃப்ட்வேர் கம்பெனிகளையும் போல அங்கேயும் ‘கிட்’ என்கிற பதிவேடுதான். யார் புரோகிராம் கோடு எழுதினாலும் அதைப் பொதுவான இடத்தில் கமிட் பண்ண வேண்டும், அதாவது பதிந்துவைக்க வேண்டும். பண்ணும்போது எழுதினவர் பெயர் கூடவே ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெயரை லேப்டாப்பின் செட்டிங்ஸில் ஒரே ஒரு தடவை எழுதினால் போதும், அப்புறம் அது யாரையும் கேட்காது. நாதிருக்கு ஒரு வழக்கம். புது லேப்டாப்பில் முதலில் தன் பெயரையும் ஈமெயிலையும் போட்டு, சும்மா ஒரு கமிட் அனுப்பிப் பார்ப்பான். அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததும் தன் பெயரை அழித்துவிட்டு உரியவரின் பெயரை எழுதி, லேப்டாப்பை நீட்டுவான்.

அன்றைக்கும் சோதனைக் கமிட் போய்ச் சேர்ந்தது. பெயரை அழிக்கப் போகிற சமயத்தில் முதலாளி இஸ்ஸத் யுஸ்ராவை அழைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“நாதிர், இந்தப் பொண்ணோட கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இரு. உனக்கும் நாலு விஷயம் பிடிபடும்” என்றார்.

ஆபீஸே கேட்டது. ஜன்னல் பக்கத்திலிருந்து யாரோ களுக்கென்று சிரித்ததும் கேட்டது. நாதிருக்குக் காது மடல் சுட்டது. லேப்டாப்பைப் படக்கென்று மூடி அவள் கையில் கொடுத்தான். “எல்லாம் ரெடி” என்றான். எங்கே ரெடி? உள்ளே இருந்தது அவன் பெயர். அவள் பெயரை எழுத வேண்டும் என்கிற நினைப்பே கோபத்தில் எரிந்து போயிருந்தது.

அன்றிலிருந்து அவள் எதைச் செய்தாலும் அவனுக்கு ஆகவில்லை. தெருவில் நின்றபடியே மொச்சை மசியல் வைத்த ஃபூல் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தால், பார் எளிமையாம் என்று நினைத்தான். பேசாமல் வேலை பார்த்தால் திமிர் என்றான். பேசினால் குழைகிறாள் என்றான். லேப்டாப் பையில் அவள் ஒரு நீலமணியைத் தொங்கவிட்டிருந்தாள். கண்ணேறுக்கு எதிராக அந்த ஊரில் யார்தான் நீலமணி தொங்கவிடவில்லை? ஆனால் நாதிருக்கு அது தன்னைப் பார்த்தே கட்டினது போலப் பட்டது. உண்மையைச் சொன்னால், அவள் கட்டியது வீண் போகவில்லை. அவன் கண் அந்தப் பக்கமேதான் கிடந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அந்த ஆபீஸில் பஸ்பூஸா என்கிற ரவை இனிப்பு. வார விடுமுறைக்கு முன்னால் இஸ்ஸத் ஒரு தட்டு நிறைய வாங்கி வந்து, அந்த வாரத்துக் கமிட்டுகளைச் சுவரில் பெரிதாகக் காட்டுவார். எந்தக் கமிட் அவருக்குப் பிடித்ததோ, அதன் பெயர்க்காரருக்குத்தான் முதல் துண்டு. மற்றவர்கள் அதற்குப் பிறகுதான் கையை நீட்டலாம். யார் என்ன வேலை பார்த்தார்கள் என்று அவர் வாய்விட்டு விசாரிக்கவே மாட்டார். ஆள் பொய் சொல்லுவான், கமிட் பொய் சொல்லாது என்பது அவருடைய வேதவாக்கு. இத்தனை வருஷத்தில் நாதிருக்கு முதல் துண்டு கிடைத்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் ஒன்று அவன் கல்யாணத்துக்காகக் கொடுத்தது.

யுஸ்ரா சேர்ந்த பிறகு வந்த முதல் வியாழன். அவள் மத்தியான ரயிலைப் பிடித்துச் சொந்த ஊரான தமன்ஹூருக்குத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். வியாழன்தோறும் அப்படித்தான் போவாள். இஸ்ஸத் சுவரில் ஒரு கமிட்டைக் காட்டி, முன்பெல்லாம் கன்டெய்னர் தேடும்போது டீ குடித்துவிட்டு வர நேரம் இருக்கும், இப்போது கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கிறது என்று மெச்சினார். பெயரைப் படித்தார். நாதிர்.

நாதிர் அதை எழுதவே இல்லை. டீமுக்குத் தலைவர் இல்லாததால், அது யுஸ்ராவுக்கு அவனே ஒதுக்கிக் கொடுத்த வேலை. கஷ்டமானது, திணறட்டும் என்றுதான் கொடுத்தான். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டு அவனை நோக்கி வந்துகொண்டிருக்கும்போதே, செட்டிங்ஸில் தன் பெயரை அப்படியே விட்டது சுரீரென்று ஞாபகம் வந்தது. வாயைத் திறந்து சொல்ல வேண்டும். வாயைத் திறந்தான். பஸ்பூஸா உள்ளே போயிற்று.

அடுத்த வியாழனும் நாதிர். அதற்கடுத்ததும் நாதிர். ஷம்முன்னஸீம் என்கிற வசந்தப் பண்டிகை வந்து, ஊரெல்லாம் உப்பு மீன் வாடை அடித்து ஓய்ந்தது. சுவரில் அவன் பெயர் மட்டும் ஓயவில்லை. வேலையைப் பிரித்துக் கொடுப்பவனும் அவனே என்பதால், எது யாருடையது என்று மற்றவர்களுக்குத் தெரியவும் வழியில்லை. களுக்கென்று சிரித்த ஆளே இப்போது எழுந்து வந்து சந்தேகம் கேட்டான்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? பட முடியவில்லை. யாரும் இல்லாதபோது அந்தக் கமிட்டுகளைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பான். ஒரு வரி அதிகமில்லை, ஒரு வரி குறைவில்லை. மேலே அவன் பெயர். தானும் அதே மாதிரி எழுதிப் பார்த்தான். பூனை புலியைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட கதைதான். உலகத்தில் அவனவன் அடுத்தவன் பெயரைப் பார்த்துப் பொறாமைப்படுவான். இவன் தன் பெயரைப் பார்த்தே வெந்தான்.

ஒரு புதன்கிழமை யுஸ்ரா அவன் மேஜைக்கு வந்து, அந்த ஊரில் இன்ஜினீயரை மரியாதையாகக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

“பாஷ்முஹந்திஸ், தப்பா நினைக்காதீங்க. போன வாரம் நீங்க எழுதினதுல ஒரு இடத்துல கன்டெய்னர் ரெண்டு தடவை எண்ணிக்கை ஆச்சு. நானே சரி பண்ணிட்டேன். யாருக்கும் தெரியாது. எப்படியும் உங்க பேர்லதானே போகுது.”

நாதிர் சட்டென்று நிமிர்ந்தான். “என் பேர்ல போறது உனக்குத் தெரியுமா?” என்றான்.

“முதல் நாளே பாத்தேனே. நீங்கதானே செட் பண்ணிக் குடுத்தீங்க. கெய்ரோவுல முன்ன இருந்த எடத்துலயும் இதே கதைதான், சின்னவங்க எழுதினா பெரியவர் பேர்ல போகும். இங்கயும் அதான் வழக்கம் போலன்னு கை வைக்கல.”

அவள் குரலில் குத்தலே இல்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொன்னாள். குத்தியிருந்தால் பதிலுக்கு அவனும் குத்தியிருப்பான். இப்போது வெறும் “ம்” என்றான். அவள் போய்விட்டாள். தான் சொந்தமாக எழுதினது என்று நம்பிக்கொண்டிருந்ததிலும் அவள் கை பட்டிருக்கிறது என்பது அன்று ராத்திரிச் சோற்றை இறங்க விடவில்லை.

மறுநாள் வியாழன். தட்டைத் திறப்பதற்கு முன்னால் இஸ்ஸத் நாதிரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலி உனக்குத்தான், இன்றைக்கே சொல்லிவிடப் போகிறேன் என்றார். பிறகு யுஸ்ராவைப் பற்றிப் பேசினார். பெரிய நம்பிக்கை வைத்தேன், ஒரு வியாழன்கூடச் சுவரில் அவள் பெயர் வரவில்லை, சோதனைக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது, முடிந்ததும் அனுப்பிவிடலாம் என்றார். நாதிருக்கு உள்ளே கரும்புச்சாறு இறங்கினது போல இருந்தது. பாவம் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. நாற்காலியும் வருகிறது, நீலமணியும் தொலைகிறது. ஒரு நாளில் ஒருவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

எல்லோரும் கூடினார்கள். இஸ்ஸத் அன்றைக்கு உற்சாகத்தில் சுவரில் இரண்டு பக்கங்களைப் போட்டார். ஒன்று நாதிர் போன வருஷம் எழுதினது. மற்றது இந்த வசந்தத்தில் அவன் பெயரில் வந்தது.

“இந்தப் பழைய நாதிரைப் பாருங்க” என்றார் சிரித்துக்கொண்டே. “ஒரு கன்டெய்னரைத் தேடப் போயி, துறைமுகத்தையே ஒரு சுத்து சுத்திட்டு வரான். புது நாதிர் நேராப் போயிக் கதவைத் தட்டுறான். அந்தப் பழையவன் இங்கயே உக்காந்து கிழவனாயிருந்தாலும் நான் இந்த நாற்காலியக் குடுத்திருக்க மாட்டேன்.”

சிரிப்பு எழுந்தது. எல்லோரும் பழையவனைப் பார்த்துச் சிரித்தார்கள். நாதிரும் சிரிக்கப் பார்த்தான்; உதடு ஒத்துழைக்கவில்லை. சுவரில் இரண்டு நாதிர்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். ஒருவனுக்கு நாற்காலி, பஸ்பூஸா, கைதட்டல். இன்னொருவனுக்குக் கேலி. அந்தப் புதியவன் இனிமேல் தினமும் தன் நாற்காலியில் வந்து உட்காருவான், தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்புவான் என்று நினைத்தபோது நாதிருக்கு வயிறு பற்றி எரிந்தது. நல்லவன் என்பதால் அல்ல, மனசாட்சி உறுத்தினதாலும் அல்ல. பொறாமை தாங்க முடியாமல்தான் அவன் வாயைத் திறந்தான்.

“நான் அந்தப் பழையவன்தான். புதுசா எழுதுறது யுஸ்ரா.”

இஸ்ஸத் அடக்கம் என்று நினைத்து அவன் முதுகில் தட்டப் போனார். நாதிர் லேப்டாப் செட்டிங்ஸில் பெயர் மாற்றாத கதையைச் சொன்னான். தட்டப் போன கை இறங்கியது.

“செட் பண்ணினது யாரு?”

“நான்தான்.”

“எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?”

“முதல் பஸ்பூஸாலேர்ந்து.”

இஸ்ஸத் தட்டை மூடி எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். அந்த வாரம் யாருக்கும் இனிப்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை யுஸ்ரா வந்ததும், எல்லோரும் பார்க்க நாதிரே அவள் லேப்டாப்பைத் திறந்து செட்டிங்ஸில் தன் பெயரை அழித்து அவள் பெயரை எழுத வேண்டும் என்பது இஸ்ஸத்தின் தீர்ப்பு. எழுதினான். யுஸ்ரா திரையில் தன் பெயரை ஒரு தடவை படித்தாள். “அப்போ இங்க அது வழக்கமே இல்லையா?” என்று கேட்டாள். இல்லை என்றான் நாதிர். அதற்கப்புறம் அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பழைய கமிட்டுகளிலும் பெயரை மாற்ற முடியுமா என்று இஸ்ஸத்தைக் கேட்டாள். மாற்றலாம், ஆனால் வரலாற்றையே திருப்பி எழுதினது போல ஆகும், எல்லோர் லேப்டாப்பிலும் இருப்பது ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும், துறைமுகத்தில் ஒப்படைக்கிற நேரத்தில் அந்தத் தலைவலி வேண்டாம் என்றார் அவர். நடந்தது நடந்தபடி இருக்கட்டும் என்று முடித்துவிட்டார். நாற்காலி யுஸ்ராவுக்குப் போயிற்று.

வெயில் காலத்தில் டான்டாவிலிருந்து ஹாலா என்று ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தாள். அவளுக்கும் லேப்டாப்பைத் தயார்செய்தது நாதிர்தான். இந்தத் தடவை சோதனைக் கமிட்டையே அவள் பெயரில்தான் அனுப்பினான். வேலை பிடிபடட்டும் என்று அவள் ஒரு வாரம் பழைய கமிட்டுகளையெல்லாம் உட்கார்ந்து படித்தாள். பிறகு கண்ணை அகல விரித்துக்கொண்டு அவனிடம் வந்தாள்.

“பாஷ்முஹந்திஸ், ஷம்முன்னஸீம் சமயத்துல நீங்க எழுதினதெல்லாம் படிச்சேன். அடேயப்பா! இப்ப ஏன் அந்த மாதிரி எழுதறதில்ல?”

எதிர் மேஜையில் யுஸ்ரா தட்டச்சு செய்துகொண்டிருந்த விரலை நிறுத்தினாள். நாதிர் தலையைத் தூக்கவில்லை.

“அந்த நாதிர் வேலைய விட்டுப் போயிட்டான்” என்றான்.