அண்ணன் இறங்காத வண்டி

செத்து ஆறு மாதமாகியும் அண்ணன் தன் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை என்பதில் மெக்கானிக்குக்குச் சந்தேகமே இல்லை. ஹாரனை அழுத்தினால் அடிக்காது, முனகும். கடைசி வாரம் படுக்கையில் அண்ணன் முனகிய அதே கரகரப்பு. பிரேக்கை மிதித்தால் முன்விளக்கு கண் சொருகும். இண்டிகேட்டர் இரண்டும் அரைக்கண் திறந்து பார்க்கும். அந்த முனகலைக் கேட்டுத் தெருநாய்கள் எழுந்து மரியாதையாக ஒதுங்கின, இரண்டு நாய்கள் ஊரையே காலி செய்துவிட்டன என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளந்துவிட்டான்.

அண்ணிக்கு இது விளையாட்டில்லை. ஆஸ்பத்திரியில் காலை ஐந்து மணி ஷிப்ட். அந்நேரத்துக்குப் பஸ் கிடையாது. வண்டி போனால் வேலையும் போகும். ஆனால் உயிரோடிருந்தவரை அண்ணன் அவளை அதில் கைவைக்க விட்டதில்லை. இப்போதும் அவள் ஏறினால் முச்சந்திக்கு முச்சந்தி, பிரேக் பிடித்ததும் எஞ்சின் அணைந்தது.

"அவருக்குப் பிடிக்கல தம்பி. வித்துடு."

நாலு மணிக்கு வாங்குகிற ஆள் வருவதாக ஏற்பாடு.

பல்பு, ஹாரன், பேட்டரி எல்லாம் மாற்றி ஓய்ந்தவன், மூன்று மணிக்கு ஒரு துண்டு வயரை எடுத்தான். ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் மேலும் வைத்து ஹாரனை அழுத்தினான். கூரைத் தகரம் அதிர அலறியது. வயரை எடுத்தான், முனகல். வைத்தான்; அலறல். அண்ணன் போய்ப் போய் வந்தார். பட்டப்பகலில் அவனுக்குப் பிடரி சிலிர்த்தது.

எர்த் வயரை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினான். வயர்முனை வளையத்துக்கு அடியில், அது இரும்பைத் தொடவிடாமல், கண்ணாடி மாதிரிக் கறுப்புப் பெயின்ட். திரும்பிப் போக வழியில்லாத கரண்ட், பல்பு பல்பாகக் கதவைத் தட்டிக்கொண்டு அலைந்திருக்கிறது.

பெயின்ட் அடித்தது அவனேதான். அண்ணனைப் புதைத்த வாரம், துக்கம் தாளாமல் வண்டியை அக்கக்காகப் பிரித்து, ஒரு இடுக்கு விடாமல் மூன்று கோட்டிங்.

சத்தமில்லாமல் சுரண்டிவிட்டால் பேய் ஓட்டியவன் என்ற பெயராவது மிஞ்சும். ஒரு நிமிடம் சபலப்பட்டான். ஆனால் அண்ணன் தன்மேல் கோபமாகப் போனார் என்றே அண்ணி காலமெல்லாம் நினைப்பாள். கூப்பிட்டுச் சொல்லிவிட்டான்.

அவள் போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஆறு மாசமா தினம் யாருகிட்டக் கெஞ்சினேன்?"

"என் பெயின்ட்டுகிட்ட, அண்ணி."

உப்புத்தாளை அவன் கையிலிருந்து பிடுங்கி, அவளே தேய்த்தாள். வெள்ளை இரும்பு தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை. அவன்தான் தடுத்து, வளையத்தை வைத்து முறுக்கி, துருப்பிடிக்காமலிருக்க மேலே வாஸ்லின் பூசினான்.

நாலு மணிக்கு வந்த ஆளுக்கு அண்ணி வண்டிமேல் உட்கார்ந்தபடி ஹாரனால் பதில் சொன்னாள். அவர் குதித்த குதியில் செருப்பு மட்டும் அங்கேயே நின்றது.

வண்டி கிளம்பியது. தெருமுனையில் அண்ணி பிரேக் பிடித்தாள். சிவப்பு விளக்கு சுத்தமாக எரிந்தது, எஞ்சின் அணையவில்லை, வண்டி திரும்பி மறைந்தது.

தெரு காலியான பிறகும் மெக்கானிக் அந்த முனகலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.