ஒரு கைப்பிடி உப்பு

பிளாஸ்கிலிருந்து ஐஸ் உருகிய தண்ணீரைச் சாய்த்தபோது உதட்டில் தெறித்த துளி உப்புக் கரித்தது. செல்லக்கனி இன்னொரு துளியை நாக்கில் தொட்டுப் பார்த்தாள்.

தூத்துக்குடித் தண்ணீர் என்றைக்குத்தான் கரிக்காமல் இருந்தது என்று மனதைத் தேற்றிப் பார்த்தாள். ஆனால் இது வாயில் வைக்க முடியாத கரிப்பு.

உள்ளே ஐஸுக்கு நடுவில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. அதற்குள் உயிரைக் கொடுத்து அவள் வளர்த்த நாலு புரதப் படிகங்கள். பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது, பிரிந்த இழை சிக்கிக்கொள்ளாமல் பிடித்துக்கொள்கிற புரதம் அது. எப்படிப் பிடிக்கிறது என்பதைப் படிகத்தில் எக்ஸ்ரே பாய்ச்சிப் படமெடுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவள் ஆராய்ச்சி செய்யும் சென்னையில் மெஷின் படுத்துவிட்டது. பெங்களூரில் முறை கிடைத்திருந்தது. அக்கா மகன் காதுகுத்துக்குத் தலையைக் காட்டிவிட்டு அன்று சாயங்காலமே ரயிலேற வேண்டும். அதுவரை குப்பி குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் உறையவே கூடாது. உறைந்தால் படிகத்துக்குள் இருக்கிற தண்ணீரே ஐஸாகி அதை உடைத்துவிடும்.

அப்பா தாணுலிங்கம் உப்பு வியாபாரி. "இந்தப் படம் வந்துட்டுன்னா மேல படி. வரலேன்னா தையில கல்யாணம். குலசேகரன்பட்டினத்துக்காரங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன்" என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

"அப்பா, ஐஸை யாருப்பா மாத்துனா?"

"நான்தாம்ளா. நீ கோயில்ல இருந்தேல்லா, மீன் கம்பெனிக்கு நானே போயி வாங்கியாந்தேன்." அவர் முகமெல்லாம் பெருமை. "வெறும் ஐஸு மதுரை தாண்டாது. நம்ம அளத்து உப்புல ஒரு கைப்பிடி சேத்துப் போட்டேன். மீனே கல்லு மாதிரி ஊரு போயிச் சேருது, உன் பொருளு சேராதா?"

உப்பு விழுந்த ஐஸ் கொடும் ஐஸ்; பக்கத்தில் இருக்கிற தண்ணீரையும் உறைய வைத்துவிடும். மீனுக்கு நல்லது. குளிர்ச்சியாக இருக்கணும் என்று சொன்னவள், உறையக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லவில்லை.

குப்பியை எடுத்தாள். விரல் கண்ணாடியில் ஒட்டியது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தவளுக்கு லென்ஸை வைக்கப் பயமாக இருந்தது. வைத்துப் பார்த்தாள். கல்கண்டுபோலத் தெளிந்திருந்த நாலும் வெளுத்து, குறுக்கும் நெடுக்குமாக வெடித்துக் கிடந்தன.

"என்னளா, நல்லா இருக்குல்லா?" அப்பா பின்னால் வந்து நின்றார்.

இல்லை என்றால் தை மாதம். அதைவிட, இந்த முகம் என்ன ஆகும்?

"நல்லா இருக்குப்பா."

சென்னை ஃபிரிட்ஜில் கொஞ்சம் புரதம் மிச்சமிருந்தது. அதில் மறுபடி படிகம் வளருமா, தைக்குள் வளருமா? குப்பியைத் திரும்ப ஐஸுக்குள் செருகினாள்.

எமர்ஜென்சிக் காலம், ரயில் நேரத்துக்குக் கிளம்பிவிடும். அப்பா மூச்சிரைக்க, அவள் ஏறி உட்கார்ந்திருந்த பெட்டியின் ஜன்னலோரம் வந்து வேட்டி மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

"மூடியத் தொறளா. வழிக்கு இன்னும் ஒரு கை போட்டுருதேன்."

செல்லக்கனி பிளாஸ்கைத் திறந்து பிடித்தாள். உப்பு சரசரவென்று விழுந்தது.

"போதுமாளா?"

"இன்னுங் கொஞ்சம் போடுங்கப்பா" என்றாள்.