இடப்பக்கம்

"தலையைக் கொஞ்சம் நிமித்திப் பிடி" என்றான் அண்ணன் சிமியோன்.

யசிந்தா தகப்பனின் தலையை இரண்டு கைகளாலும் தாங்கி உயர்த்தினாள். சிமியோன் தாடையில் சவர்க்கார நுரையைப் பூசிக் கத்தியை மெதுவாக இழுத்தான். மூன்று நாள் நரைமயிர் நுரையோடு வழிந்து வந்தது. தலை அவள் எதிர்பார்த்ததைவிடப் பாரமாக இருந்தது. மூன்று கிழமையாக இந்தத் தலையை அவள் எண்களாக மட்டுமே வைத்துக்கொண்டிருந்தாள். தோல் மூன்று மில்லிமீற்றர், ஓடு ஏழு, நீர் இரண்டு, அதற்குக் கீழே மூளை. பாரம் என்ற ஒன்று அந்தக் கணக்கில் வரவேயில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. காலை பதினொன்றரைக்கு அப்பா பிலிப்பு இறந்துபோனார். யசிந்தா வந்து சேரும்போது பன்னிரண்டரை தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தவள், உரும்பிராய்ச் சந்தி திரும்பும்போதே வாசலில் ஆட்கள் நிற்பதைக் கண்டாள். சைக்கிளைச் சாய்க்காமலே உள்ளே ஓடினாள். தாய் மக்டலீன் கட்டில் காலைப் பிடித்தபடி நிலத்தில் இருந்தாள்.

"சொல்லி அனுப்ப நேரமிருக்கேல்லை" என்றான் சிமியோன். "மூச்சு ரெண்டுதரம் இழுத்தது. அவ்வளவுதான்."

கடற்கரை ஊரான குருநகரில் ஷெல் விழத் தொடங்கிய வருடம் அவர்கள் கரையை விட்டு வந்து, ஊரில் இல்லாத யாரோ ஒரு வாத்தியாரின் வீட்டில், வாழைத்தோட்டங்களுக்கு நடுவே நாலு வருடம் இருந்துவிட்டார்கள். ஆடி மாதம் ஒருநாள் பொம்மர் விமானம் சுற்றியபோது பிலிப்பு பதுங்குகுழியான பங்கருக்குள் அவசரமாக இறங்கி, மேலே அடுக்கியிருந்த பனங்குற்றியில் தலையை இடித்துக்கொண்டார். ஒரு சின்னப் புடைப்பு. இடித்துக்கொண்டதை அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒரு மாதம் கழித்துத் தலையிடி தொடங்கியது. பிறகு வலது கை சோர்ந்தது. மகளை மகன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் நீண்ட நேரம் பார்த்தார். நரைத்த மீசை, களைத்த கண்கள்.

"தலையோட்டுக்குக் கீழை, மூளைக்கு மேலை, இரத்தம் தேங்கி நிண்டால் ஒரு ஓட்டை போட்டு எடுத்துவிடலாம். ஆள் எழும்பி நடப்பார். ஆனா உள்ளுக்கை ஆழத்திலை இரத்தக்குழாய் அடைச்சதெண்டால் திறக்கிறதே ஆளைக் கொண்டுபோயிடும். ரெண்டும் வெளியிலை பாக்க ஒரே மாதிரித்தான் இருக்கும். ஸ்கான் எடுத்தாச் சொல்லலாம்."

ஸ்கான் கொழும்பில் இருந்தது. கொழும்புக்குப் பயண அனுமதிப் பாஸ் எடுத்து, இருட்டில் கிளாலிக் கடலைத் தாண்டி, பிறகு ஒரு பகலும் இரவும் வாகனத்தில் போகவேண்டும். சிமியோன்தான் மாட்டேன் என்றான். அவன் அந்தக் கடலில் வள்ளம் ஓட்டியவன். கடற்படையின் சூடு விழுந்த வள்ளங்களைக் கண்டவன். "அந்தத் தண்ணியிலை நான் அப்பாவைக் கொண்டுபோகமாட்டன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் யசிந்தா டொக்டரிடம் தன்னுடைய வேலையைப் பற்றிச் சொன்னாள். லண்டனில் படித்த இரண்டு வருடமும் அவள் செய்தது அது ஒன்றைத்தான். செங்கீழ்க் கதிர், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், சதையையும் எலும்பையும் ஊடுருவி உள்ளே போகும். போனதில் கொஞ்சம் அலைந்து திரிந்து வெளியே வரும். இரத்தம் இருக்கும் இடத்தில் அதிகம் விழுங்கப்படும். தலைக்குள் வெளிச்சம் எப்படிப் போய் வருகிறதென்பதைக் கொம்பியூட்டரிலேயே நடத்திப் பார்க்க அவளிடம் ஒரு புரோகிராம் இருந்தது. ஒவ்வொரு ஒளித்துகளாக உள்ளே விடும். எவ்வளவு தூரம் போவது, எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே விழுங்கப்படுவது எல்லாவற்றையும் சூதுக்காய் உருட்டுவதுபோலத் தற்செயலுக்கு விட்டு, கடைசியில் வெளியே வந்தவற்றை எண்ணும். ஓட்டுக்குக் கீழே இரத்தம் தேங்கிய தலை ஒன்று, தேங்காத தலை ஒன்று. இரண்டுக்கும் எண்ணிக்கை வேறுபட்டால், உண்மையான தலையிலும் விளக்கை வைத்துப் பார்க்கலாம்.

டொக்டர் சிரிக்கவில்லை. "வித்தியாசம் தெரியுமெண்டு உம்மடை கணக்கு சொன்னால் விளக்கைக் கொண்டு வாரும். அதிலையும் தெரிஞ்சால் நான் திறக்கிறன்" என்றார். அதுவரை வீட்டிலேயே வைத்திருக்கச் சொன்னார்.

விளக்கு கஷ்டமில்லை. மின்சாரம் இல்லாத ஊரில் ரீவீ றிமோட்டுகள் சும்மா கிடந்தன. ஒன்றைக் கழற்றி அதன் சின்ன விளக்கை எடுத்தாள். ஆய்வுகூட அலுமாரியில் ஒளியை உணரும் சில்லு ஒன்று இருந்தது. இரண்டையும் மூன்று சென்ரிமீற்றர் இடைவெளியில் ஒரு றப்பர்த் துண்டில் பதித்து, முள் அசைந்து காட்டும் மீற்றரோடு இணைத்தாள். கடினமானது கணக்கு. கொம்பியூட்டர் ஓட ஜெனரேற்றர் வேண்டும். ஜெனரேற்றருக்கு எண்ணெய் கிடைப்பது செவ்வாயும் வெள்ளியும்தான்.

ஒரு பின்னேரம், நினைவு தெளிவாக இருந்தபோது, பிலிப்பு அவளைக் கேட்டார்.

"எத்தினை விடுறாய் உள்ளுக்கை?"

"ஒரு லட்சம் விடவேணுமப்பா."

"எத்தினை திரும்பி வரும்?"

"ஒரு முன்னூறு வரும்."

ஆயுள் முழுக்கக் கடலில் வலைபோட்டவர், இடக்கையால் தாடையைத் தடவினார். "லட்சம் போய் முன்னூறோ? ஆர் பிள்ளை உனக்குத் தொழில் பழக்கினது?"

செவ்வாய்க்கிழமை ஜெனரேற்றர் நாற்பது நிமிடத்தில் இருமி நின்றுவிட்டது. இரண்டு தலைகளுக்கும் இருபதாயிரம் இருபதாயிரமாகத்தான் விட முடிந்தது. இரத்தம் இல்லாத தலையிலிருந்து அறுபத்துமூன்று வந்தது. இரத்தம் தேங்கியதிலிருந்து நாற்பத்தொன்று.

ஆய்வுகூட உதவியாளர் ஏரம்பு எட்டிப் பார்த்தார். "அறுபத்திமூண்டும் நாப்பத்தொண்டும் ஒண்டில்லையே பிள்ளை?"

"காணாது ஏரம்பண்ணை. இவ்வளவு குறைஞ்ச எண்ணிக்கையிலை பத்துப் பதினைஞ்சு சும்மாவே கூடிக் குறையும். லட்சம் விட்டால்தான் நம்பலாம்."

றப்பர்த் துண்டும் மீற்றரும் அப்போதே அவளுடைய பையில் இருந்தன. அன்றே வீட்டுக்குக் கொண்டுபோய்த் தகப்பனின் நெற்றியில் வைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் வைத்துப் பார்த்தால் ஏதாவதொன்றைக் காட்டும். காட்டினால் டொக்டர் திறப்பார். தான் நம்பாத ஒரு எண்ணைக் கொடுத்து அப்பாவின் தலையைத் திறக்கச் சொல்வதா? வெள்ளிக்கிழமைவரை பொறுப்போம் என்று தீர்மானித்தாள். புதன், வியாழன் இரண்டு நாளும் பிலிப்பு கஞ்சி குடித்தார்.

வெள்ளிக்கிழமை ஜெனரேற்றர் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் சத்தம் மாறாமல் ஓடியது. கடைசி எண் பச்சை எழுத்தில் திரையில் விழுந்தபோது மணி பன்னிரண்டு. முன்னூற்றுப் பதினெட்டு, இருநூற்று இரண்டு. அவள் கடதாசியில் வகுத்துப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை வந்த விகிதத்துக்கு மயிரிழை அளவுதான் வித்தியாசம்.

அந்தக் கடதாசியோடுதான் அவள் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

சவரம் முடிந்து, முகத்தைத் துடைத்து, வெள்ளைச் சட்டையும் கலியாண வேட்டியும் உடுத்தியாயிற்று. பெட்டி வர இன்னும் ஒரு மணித்தியாலம் ஆகுமென்று சிமியோன் வெளியே போனான். அயலவர்கள் முற்றத்துக்குப் பந்தல் போடப் போய்விட்டார்கள். அறையில் தாயும் மகளும் மட்டும் இருந்தார்கள்.

யசிந்தா பையை எடுத்தாள்.

"என்னடி அது?"

"அம்மா, அஞ்சு நிமிசம். கதவைச் சாத்திறன்."

மக்டலீன் செபமாலையை மடியில் வைத்துக்கொண்டு மகளின் கைகளைப் பார்த்தாள். "அவருக்கு நோகாதே?"

"நோகாதம்மா. வெளிச்சம்தான்."

"வெளிச்சமொண்டையும் காணேல்லையே."

"கண்ணுக்குத் தெரியாதம்மா."

முதலில் தன் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். வலப்பக்கம் பன்னிரண்டு, இடப்பக்கம் பன்னிரண்டு. மீற்றர் சரியாக இருந்தது. பிறகு தகப்பனின் பக்கம் குனிந்து, வெளி வெளிச்சம் படாமல் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, றப்பரை வலது நெற்றியில் அழுத்தினாள். குளிர்ந்திருந்தது. முள் பதினொன்றில் நின்றது. இடது நெற்றிக்கு மாற்றினாள். முள் ஏறி, ஏழுக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிட்டது.

இறந்த தலை அவளுடைய கணக்கில் இல்லை. இரத்தம் ஓடாத தலையில் எது எப்படி மாறுமென்று அவளுக்குத் தெரியாது. அதை அவள் தனக்குள்ளே இரண்டுமுறை சொல்லிக்கொண்டாள். திரும்பவும் வைத்தாள். பதினொன்று, ஏழு. மூன்றாம் முறை றப்பர் வழுக்கியபடியால் தாய் எழும்பி வந்து, அதன் மறு நுனியைப் பிடித்துக்கொண்டாள். பதினொன்று, ஏழு.

கதவு திறந்தது. சிமியோன் நின்றான். மீற்றரையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தான். கோபப்படுவானென்று யசிந்தா நினைத்தாள். அவன் கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் சாத்தினான்.

"என்ன காட்டுது?"

அவள் மீற்றரைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"இரத்தக்கட்டியோ? சொல்லு. கொழும்புக்குக் கொண்டு போயிருந்தால் எடுத்திருப்பாங்களோ?" அவன் குரல் இறங்கியது. "நான்தானே வேண்டாமெண்டனான். நீங்கள் ரெண்டுபேரும் போகத்தானே சொன்னனீங்கள்."

யசிந்தா றப்பரைச் சுற்றிய வயரைக் கழற்றினாள். முள் பூச்சியத்துக்கு விழுந்தது.

"ரெண்டு பக்கமும் ஒண்டுதான் அண்ணை" என்றாள். "உள்ளுக்கை, ஆழத்திலை வந்த வருத்தம். கொழும்பிலையும் ஒண்டும் செய்திருக்கேலாது."

"வடிவாப் பாத்தனியோ?"

"மூண்டுதரம் பாத்தன்."

சிமியோன் சுவரோடு சாய்ந்து, அப்படியே சரிந்து நிலத்தில் குந்தினான். காலையிலிருந்து அழாதவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். மக்டலீன் மகளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முள்ளை அவளும் பார்த்திருந்தாள். அவளுக்கு எண்கள் தெரியும். திரும்பிப்போய்க் கட்டில் காலடியில் உட்கார்ந்து, செபமாலையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

மறுநாள் பின்னேரம் மூன்று மணிக்கே பாதர் வந்துவிட்டார். விமானச் சத்தம் கேட்டபடியால் செபத்தைச் சுருக்கி, கோப்பாய்ப் பக்கத்துச் சேமக்காலைக்குப் பெட்டியைக் கொண்டுபோனார்கள். மண் போட்டு முடிந்து ஆட்கள் கலையும்போது டொக்டர் மதிலோரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். யசிந்தா அவரிடம் போனாள். சிமியோன் தூரத்தில் பாதரோடு கதைத்துக்கொண்டிருந்தான்.

"இடப்பக்கம் குறைவு சேர். ஓட்டுக்குக் கீழைதான் இருந்திருக்கு."

அவர் தலையை ஆட்டினார்.

"செவ்வாய்க்கிழமையே கணக்கு அதைத்தான் சொன்னது. நான்தான் காணாதெண்டு விட்டனான்."

டொக்டர் சைக்கிள் மணியின் மூடியைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார். "செவ்வாய்க்கிழமை நீர் வந்திருந்தாலும் நான் திறந்திருப்பனெண்டு சொல்லேலாது" என்றார். "ஒரு றிமோட் விளக்கை நம்பி ஆர் தலையைத் திறப்பான்?"

அவர் அவளைப் பார்த்து அதைச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படிப்பட்ட பேச்சை நேற்று அவளும் பேசியிருந்தாள். டொக்டர் சைக்கிளில் ஏறினார். ஏறியவர் ஒரு காலை நிலத்தில் ஊன்றி, "அந்தக் கடதாசியளைக் கிழிச்சுப் போடாதையும்" என்று சொல்லிவிட்டு ஒழுங்கையில் திரும்பிப் போனார்.

வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டுப் பத்மாசினி பெரிய சட்டியில் சோறும், கத்தரிக்காய்க் குழம்பும், பருப்பும் கொண்டுவந்து குசினியில் வைத்துவிட்டுப் போனாள். தலைமுழுகிய ஈரத்தோடு சிமியோன் பாயில் வந்து இருந்தான். கொழும்புப் பேச்சு எழுந்த நாளிலிருந்து அவன் தட்டில் கையை வைத்துவிட்டு எழும்பிப் போவதையே வழக்கமாக்கியிருந்தான். யசிந்தா இலையைப் போட்டுச் சோறு வைத்தாள்.

அவன் சாப்பிட்டான். குனிந்த தலை நிமிராமல், பெரிய பெரிய கவளமாக எடுத்துச் சாப்பிட்டான். குழம்பு முழங்கை வரைக்கும் வழிந்தது. இலையில் பாதி வெறுமையானபோது நிமிர்ந்து, வெட்கப்பட்டவன்போல, "இன்னும் கொஞ்சம் வை பிள்ளை" என்றான்.

மக்டலீன் சுவரோரம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். யசிந்தா சட்டியைச் சரித்து, ஒட்டியிருந்ததையும் அகப்பையால் வழித்து, அவனுடைய இலையில் போட்டாள்.