உப்பனாற்றுத் தண்ணீரில் வரைந்தவை

வானம் இறங்கிவிட்டிருந்தது. காலையில் ஜோதி மேரி முதல் படத்தைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்ததும் கண்ணில் பட்டது அதுதான். கடலூர் துறைமுகத்தில் சிங்காரத்தோப்புப் பக்கம் உப்பனாறு கடலில் சேர்கிற இடம்; சித்திரை வெயிலில் வெளுத்துப்போன வானம். அந்த நீலம் இப்போது கண்ணாடிக்குப் பின்னால் ஒழுகி, படகுகளின் மேல் வந்து தேங்கியிருந்தது. கண்ணாடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர்.

அடுத்த துணியை அவிழ்த்தாள். அதுவும் அப்படித்தான்.

சிதம்பரம் கீழ வீதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த அந்தக் கூடம் இன்று ஒரு நாளைக்குத்தான் அவளுக்கு. மதியம் சென்னையிலிருந்து படங்களைப் பார்க்கச் சந்திரலேகா வருகிறார். வருஷா வருஷம் நிலக்காட்சி ஓவியர்களாகப் பொறுக்கியெடுத்துப் பெரிய கண்காட்சி வைப்பவர். பள்ளிக்கூடத்து டிராயிங் டீச்சர் வேலையை விட்டபிறகு ஜோதி மேரி வரைந்ததெல்லாம் அந்தக் கண்காட்சிச் சுவருக்குத்தான். அவர் வேண்டாம் என்றால் ஜூனில் மறுபடி போய் ஆப்பிள் வரையச் சொல்லித்தர வேண்டியதுதான். அதுவும் அவர்கள் சேர்த்துக்கொண்டால்.

பிரேம் போட்ட ராஜ்கமல் டீ டம்ளரோடு மாடியேறி வந்தான். பல வருஷப் பழக்கம்.

"கண்ணாடிய ஈரத்தோட மாட்டுனியாடா?"

"என்னாக்கா பேசுற? தொடச்சு, ஃபேனுக்குக் கீழ காயவச்சு மாட்டுனேன்."

"அப்ப உன் கடை ஒழுவுது."

"கடை ஒழுவுனா ஊராரு கல்யாண போட்டோல்லாம் மொதல்ல போயிருக்கும். அதுங்க பல்லக் காட்டிக்கிட்டு ஜோரா இருக்குதுங்க."

அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆணிகளை நெம்பித் தாளை வெளியே எடுத்தான். தாளின் ஓரம் பிசுபிசுத்தது. விரலை வைத்து, நாக்கில் தொட்டுப் பார்த்தான்.

"உப்புக் கரிக்குதுக்கா. இன்னாத்த கலக்குன இதுல?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. வரையப் போகிறவர்கள் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோவார்கள். அவள் கொண்டுபோனதேயில்லை. எந்த இடத்தை வரைகிறாளோ அந்த இடத்துத் தண்ணீரை மக்கில் மொண்டு அதில்தான் வண்ணம் கரைப்பாள். இது அவள் தானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. சித்திரையில் தூரிகையை எடுப்பதற்குள் தாள் காய்ந்துவிடும். காய்ந்த இடத்தில் உப்பு பொடிப்பொடியாக மினுங்கும். அதைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறாள், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். கார்த்திகை என்று ஒரு மாசம் வரும் என்பது மட்டும் தோன்றவில்லை.

"ஆத்துத் தண்ணி" என்றாள்.

"துறைமுகத்துக்காரி நீ. மழையில உங்க வூட்டு உப்பு ஜாடி கசிஞ்சதே இல்லயா?"

"வாய மூடிக்கிட்டு ஏசியப் போடு."

"ஓனரு மதியத்துக்கு மேலதான் போடணும்னாரு."

"அவருகிட்ட நான் பேசிக்கிறேன். போடு."

கண்ணாடிகளைக் கழற்றித் தாள்களைத் தரையில் பரப்பினார்கள். கசியாமல் இருந்தவை இரண்டே. திருவந்திபுரத்தில் கெடிலம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, உப்பில்லாத அந்தத் தண்ணீரில் வரைந்தவை. ஒரு படித்துறை, ஒரு கரைமேடு. சுவரில் இடம் காலியாக இருக்கக்கூடாதே என்று எடுத்துவந்தவை. அவளுக்கே பிடிக்காதவை.

ராஜ்கமல் பக்கத்து பியூட்டி பார்லரில் கெஞ்சி ஹேர் டிரையர் வாங்கிவந்தான். அதைக் காட்டியதும் ஒரு தாள் பொரிக்கப்போட்ட அப்பளமாகச் சுருண்டுகொண்டது. "நிறுத்துடா!" என்று கத்தினாள். வண்ணப் பெட்டியைத் திறந்தாள், வானத்தை மறுபடி போட்டுவிடலாமா என்று பார்த்தாள். ஈரத்தின் மேல் ஈரம் வைத்தால் படகும் போய்விடும். மூடிவிட்டாள். கூரை ஒழுகிவிட்டது மேடம் என்று சொல்லிவிடலாம். மழை பெய்கிறது, யார் நம்பமாட்டார்கள்?

சந்திரலேகா குடையை வாசலில் சாத்திவிட்டு வந்தார். தரையில் கிடந்த படங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டே போனவர், வானம் இறங்கிய படத்தருகே வந்ததும் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"இது ரொம்ப நல்லா வந்திருக்கு."

ஜோதி மேரி ஓரடி முன்னால் வந்தாள்.

"ஏன் ஈரமா இருக்கு?"

கூரை என்று சொல்ல வாயெடுத்தாள். "உப்புத் தண்ணியில வரைஞ்சது மேடம். மழைக்குக் கசியுது."

"எல்லாமேயா?"

"அந்த ரெண்டத் தவிர."

சந்திரலேகா எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "இது என் சுவத்துல ஒழுகி, பக்கத்துப் படத்தையும் கெடுத்தா நான் யாருக்குப் பதில் சொல்றது? அந்த ரெண்டையும் எடுத்துக்கிறேன். மாசிக்குள்ள அந்த ரெண்டு மாதிரியே இன்னும் ஆறு குடுங்க. ஒரு தனிச் சுவரே தரேன்."

"அதே மாதிரியா?"

"அதே மாதிரி."

"சரிங்க மேடம்." எவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

அவர் போனதும் ராஜ்கமல் துள்ளினான். "செலக்ட் ஆயிட்டியேக்கா! பிரியாணி எங்க?"

"அதான் அவுங்களே சொல்லிட்டாங்களே, தனிச் சுவருன்னு. அதக் கடிச்சுத் தின்னு" என்றவள், சிங்காரத்தோப்புப் படத்தை மட்டும் ஒரு பலகையில் வைத்துப் பாலித்தீனால் மூடினாள். மற்றவற்றை அவன் கடைக்கே எடுத்துப்போகச் சொன்னாள்.

கடலூர் பஸ்ஸில் பலகையை மடியில் படுக்கவைத்துக்கொண்டாள். நின்றுகொண்டு வந்தவர்களின் முழங்கால்கள் இடித்தன.

"செத்த நிமித்திப் புடிம்மா. ரெண்டாளு எடத்த அடைச்சிக்கிட்டு வரியே" என்றார் கண்டக்டர்.

"நிமித்துனா ஓடிடும்ணே."

"ஓடுறதுக்கு அதென்னா கோழியா?"

பஸ்ஸே சிரித்தது. பக்கத்து சீட்டு அம்மாள் மட்டும் குனிந்து பாலித்தீன் வழியாக உற்றுப்பார்த்தாள். "எந்த ஊரும்மா? நல்லா மழை கட்டியிருக்குது."

"நம்ம துறைமுகம்தான். வெயில்காலத்துல வரைஞ்சது."

"வெயில்காலமா? போம்மா" என்று அந்த அம்மாள் திரும்பிக்கொண்டாள்.

ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. ஈரத்துணி வாடையும் ஆட்களின் மூச்சும் சேர்ந்து பாலித்தீனுக்குள் ஆவி படிய ஆரம்பித்தது. பஸ் திரும்புகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பலகையைச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். மாசிக்கு இன்னும் மூன்று மாசம்கூட இல்லை. கெடிலத்தில் அந்தப் படித்துறையை விட்டால் வரைவதற்கு வேறு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.