பொதுத் தோட்டத்து முதல் குழி

எங்கள் ஊரில் செத்த பிறகும் நிறம் உண்டு. சாவுச் செய்தித் தாளில் பச்சைக் கரை போட்டிருந்தால் எங்கள் ஆள், முஸ்லிம். கறுப்புக் கரையும் சிலுவையும் என்றால் அவர்கள் ஆள், கத்தோலிக்கர். பாலத்தடி மரத்தில் இரண்டும் பக்கம் பக்கமாக ஒட்டியிருக்கும். இந்த ஊரில் இரண்டு தரப்பும் முறைத்துக்கொள்ளாமல் சேர்ந்து இருக்கிற ஒரே இடம் அந்த மரம்தான். தாள்களை அச்சடிப்பவள் நான், ரசீமா. கல்யாண அழைப்பு, சாப்பாட்டுக் கடை விலைப்பட்டியல், தேர்தல் நோட்டீஸ் எல்லாம் என் கடையில்தான் ஆகும் என்றாலும், எனக்குச் சோறு போடுவது சாவு.

அந்த ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்துக் குழு வருகிறது என்று மேயர் ஸ்டிபானுக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் நாடு போஸ்னியா அந்த வாசலில் நின்று நின்று கால் மரத்துப்போன கதை உலகத்துக்கே தெரியும். பக்கத்து வீட்டுக் குரோஷியா எப்போதோ உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. மாண்டினீக்ரோகூட எங்களை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் நிற்கிறது. எங்கள் ஊர்க் கத்தோலிக்கரில் பாதிப் பேர் குரோஷியா பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்கள். அவர்கள் தனித்தனியே சேர்ந்தாயிற்று. நாடு மொத்தமாகச் சேர வேண்டுமென்றால்தான் ஒற்றுமையாக இருக்கிறோம் என்று காட்ட வேண்டுமாம். எங்கே போய்க் காட்டுவது?

காட்டுவதற்கு ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தது. மூடிப்போன தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒன்றியத்தின் பணத்தில் கட்டிய பொதுத் தோட்டம், எல்லா மதத்தாருக்கும். இரும்புக் கதவு, தண்ணீர்க் குழாய், பெஞ்சு எல்லாம் உண்டு. பிணம்தான் இல்லை. முதலில் அவர்கள் ஆளைப் புதைக்கட்டும் என்று நாங்களும், முதலில் உங்கள் ஆள் போகட்டும் என்று அவர்களும் வருஷக்கணக்கில் காத்திருந்தோம். கதவுப் பூட்டு துருப்பிடித்து, உள்ளே புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது.

அதில் படுக்க ஆசைப்பட்டவள் ஊரிலேயே ஒருத்திதான், லியெர்கா அக்கா. அவள் கத்தோலிக்கப் பெண். அவள் புருஷன் நசீஃப் எங்கள் ஆள். யார் யாரைக் கட்டினாலும் ஒருவரும் கேட்காத காலத்தில் கட்டிக்கொண்டவர்கள். போர் வந்தபோது நசீஃபை இரண்டு படையும் அடித்தது. ஒரு படை அவர் பெயருக்காக, இன்னொன்று அவர் பெண்டாட்டியின் பெயருக்காக. பிள்ளை குட்டி கிடையாது. நுரையீரல் கெட்டு அவர் படுக்கையில் விழுந்ததும், லியெர்கா அக்கா ஒரே ஒரு விஷயத்துக்காக ஊர் முழுக்க நடந்தாள். இரண்டு பேருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இடம் வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் கபர்ஸ்தான் மேட்டில் இருக்கிறது. கலிமா சொல்லி எங்கள் மார்க்கத்துக்கு வந்தால் உனக்கும் இடம் உண்டு என்றார் இமாம். அவர்கள் கல்லறை எதிர்க்கரையில், ஆற்றோரம். நசீஃப் ஞானஸ்நானம் வாங்கட்டும் என்றார் பங்குச் சாமியார்.

"சாகப்போற நேரத்துல கடவுளை ஏமாத்தச் சொல்றாங்க ரசீமா" என்று என் கடையில் உட்கார்ந்து காபியில் சர்க்கரைக் கட்டியை நனைத்தபடி சொன்னாள். "அதுவும் ரெண்டு கடவுளை."

"பேசாம ஏமாத்திடேன் அக்கா. அவங்களுக்கு வேற வேலை இருக்கும், கவனிக்க மாட்டாங்க."

"நான் கவனிப்பேனே."

மேயர் விஷயத்தைக் கேள்விப்பட்டு அவள் வீட்டுக்கே போனார். குழு வருகிற அன்று நீங்கள் இரண்டு பேரும் மேடையில் உட்கார வேண்டும், பொதுத் தோட்டத்தைத் திறந்து உங்கள் கையில் சாவியைக் கொடுப்பேன், அங்கே முதல் இரண்டு இடமும் உங்களுக்கு என்றார். அந்தச் சாவியைச் செய்தவளும் நான்தான். பிளைவுட்டில் வெட்டித் தங்கநிறம் அடித்து, முழ நீளத்தில். எந்தப் பூட்டிலும் நுழையாது. படத்தில் நன்றாகத் தெரிய வேண்டும், அதுதான் முக்கியம் என்றார் மேயர்.

விழா அன்று காலையில் நான் கடையைத் திறந்து பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். 'ஐரோப்பா நம் எல்லோருக்கும் வீடு' என்று எழுதியிருந்தது. அதை எடுத்துப்போக மேயரே வந்திருந்தார். அந்த நேரத்தில் லியெர்கா அக்கா உள்ளே வந்தாள். தலை சீவவில்லை. வீட்டுச் செருப்போடு வந்திருந்தாள்.

"போயிட்டாரு" என்றாள். "விடியக்காலைல. தாள் அடிக்கணும் ரசீமா."

மேயர் பேனரைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் துக்கம் தெரிந்ததா என்று கேட்டால், தெரிந்தது. ஆனால் அது நசீஃபுக்கான துக்கம் இல்லை.

"அக்கா, உக்காருங்க" என்றார். "யாருக்காவது சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க. சாயந்திரம் வரைக்கும் மட்டும். சாவு வீட்டுல போய் வரவேற்பு வைக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க."

"ஸ்டிபான், அவங்க முறைப்படி இன்னிக்கே அடக்கம் பண்ணணும். வெயில் வேற இப்படிக் காயுது."

"இன்னிக்கேதான் பண்ணப்போறோம். குழு கிளம்பினதும் நானே குழி வெட்டச் சொல்றேன். முதல் குழி அவருக்கு. பக்கத்துல உங்களுக்கு இடம் விட்டு வேலி போட்டுடுவேன்." குரலைத் தாழ்த்தினார். "இப்பவே வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்? அவர் தம்பி மகன் சுவாத் பள்ளிவாசல் ஆளுங்களோட வந்து தூக்கிட்டுப் போயிடுவான். அப்புறம் உங்களால தடுக்க முடியுமா? நான் உங்க பக்கம்தான் அக்கா."

அதில் உண்மை இருந்ததுதான் கொடுமை. சுவாத் அப்படிச் செய்யக்கூடியவன்தான். அக்கா என்னைப் பார்த்தாள். மேயர் வாயிலிருந்து வந்த சொல்லில் முதல் தடவையாக அர்த்தம் இருப்பதுபோல எனக்கும் பட்டது.

"ஜன்னலைச் சாத்தி, ஈரத்துணி போர்த்திட்டு வந்துடறேன்" என்றாள் அவள்.

மேடையில் அவளைப் பார்த்தபோது நீலச் சட்டையும் முத்துமாலையும் போட்டிருந்தாள். பக்கத்து நாற்காலி காலி. குழுவின் தலைவி நல்ல உயரமான அம்மாள், முகத்தில் களை. உங்கள் கணவர் எங்கே என்று கேட்டாள். மேயரின் மருமகள் மொழிபெயர்த்தாள்.

"தூங்குறாரு" என்றாள் லியெர்கா அக்கா. "எழுப்ப மனசு வரல."

கூட்டம் கனிந்து சிரித்தது. லோகும் மிட்டாய்த் தட்டு சுற்றி வந்தது. பிறகு எல்லோரும் ஊர்வலமாகத் தொழிற்சாலைப் பக்கம் போனார்கள். புல்லை முந்தின நாளே வெட்டியிருந்தார்கள். நான் போகவில்லை. கடையைத் தனியாக விட்டுப் போக முடியாது.

அப்போதுதான் சுவாத் கடைக்குள் வந்தான், கையைக் கழுவிய ஈரம் காயாமல்.

"ரசீமா அக்கா, பச்சைத் தாள் வேணும். பெரியப்பா மௌத்தாயிட்டாரு. அசர் தொழுகைக்கு ஜனாஸா. குளிப்பாட்டி முடிச்சாச்சு."

"உனக்கு யாருப்பா சொன்னது?"

"மேயர்தான் போன் பண்ணாரு. பெரியம்மா விழாவுல இருக்காங்க, நீங்க சீக்கிரம் முடிச்சுக்கோங்கன்னாரு. நல்ல மனுஷன் அக்கா. நம்ம ஆளு இல்லேன்னாலும் முறை தெரிஞ்சவரு."

எல்லாம் விளங்கிவிட்டது. பொதுத் தோட்டத்தில் நிஜமாகவே ஒரு முஸ்லிம் பிணத்தைப் புதைத்தால் மேயரின் கத்தோலிக்கக் கட்சிக்காரர்களே அவரைப் பிய்த்துவிடுவார்கள். எங்கள் ஆட்களும் விடமாட்டார்கள். படம் எடுக்க இடம் வேண்டும், குழி வேண்டாம். பாவி, ஒரே போனில் இரண்டு தரப்பிடமும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டான்.

"பெரியம்மாவைக் கேட்டியா?"

"அவங்களை எதுக்குக் கேக்கணும்?"

"துயரத்தில் வாடுவோர்னு கீழ பேரு போடணும். அவங்க பேரைத்தானே முதல்ல போடணும்?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "வேணாம் அக்கா. பச்சைத் தாள்ல அந்தப் பேரு நல்லா இருக்காது."

அச்சடித்தேன். பின்னே, மாட்டேன் என்றால் அவன் அடுத்த ஊருக்குப் போய் அடித்துக்கொண்டு வந்திருப்பான். கடையைச் சாத்திவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினேன். அக்கா ரிப்பனுக்குப் பக்கத்தில் அந்தச் சாவியைக் குழந்தைபோல ஏந்தி நின்றாள். குழுத் தலைவி அவள் தோளில் கை போட்டிருந்தாள். கேமராக்கள் மின்னின. நான் கூட்டத்தை இடித்து முன்னே போகப் பார்த்தேன். மேயரின் ஆள் ஒருவன் என் முழங்கையைப் பிடித்து, "கொஞ்சம் இருங்க அம்மா, படம் எடுத்துக்கட்டும்" என்றான். படம் எடுத்தார்கள், எடுத்தார்கள், எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அக்கரை மேட்டிலிருந்து பாங்கு கேட்டது. அந்த அம்மாள் கண்ணை மூடி ரசித்தாள்.

கார்கள் போன பிறகு லியெர்கா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாலம் வந்துவிட்டது. மரத்தில் பசை காயாத பச்சைத் தாள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தாள். தம்பி பெயர், தம்பி மகன் பெயர், மைத்துனிகள், அண்டை வீட்டார்.

"நான் யாரு ரசீமா?" என்று கேட்டாள்.

மேட்டில் அடக்கம் முடிந்து ஆண்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு அவள் மேயர் அலுவலகம் ஏறவில்லை, அழவில்லை. இலையுதிர் காலத்தில் ஒருநாள் கடைக்கு வந்து கறுப்புத் தாளுக்கு முன்பணம் கொடுத்தாள்.

"என்னை எங்க ஆளுங்க கல்லறையிலயே போடச் சொல்லு. ஆத்தோரம், சுவர்ப் பக்கம். அங்கேர்ந்து பார்த்தா மேட்டுல அவரு கல்லு தெரியுது. நேராத் தெரியுது. நான் போய் நின்னு பார்த்துட்டேன். அந்தத் தொழிற்சாலைப் பக்கம் மட்டும் வேணாம். அங்க ஒண்ணுமே தெரியாது."

"சரி அக்கா" என்றேன்.

பிப்ரவரிப் பனியில் போய்ச் சேர்ந்தாள். நான் சாமியாரிடம் போய் ஆற்றோரம் கேட்டேன். மேயர் எனக்கு முன்னால் போயிருந்தார். வசந்தத்தில் குழு மறுபடி வருகிறது, தோட்டம் போன தடவை போலவே காலியாக இருந்தால் என்ன நினைப்பார்கள் என்று அவருக்குக் கவலை. கத்தோலிக்கக் கிழவி ஒருத்தியைப் போட்டால் அவர் கட்சியில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எங்கள் ஆட்களுக்கும் நஷ்டமில்லை. சாமியாருக்கு ஒரு குழி மிச்சம்.

"அவங்க கடைசி ஆசை ஆத்தோரம்" என்றேன் மேயரிடம்.

"அவங்க ஆசை பொதுத் தோட்டம்தானே ரசீமாம்மா? ஊருக்கே தெரியுமே. வீடியோகூட இருக்கு." தாள் எப்படி இருக்க வேண்டும் என்றும் சொன்னார். ஒரு பாதி பச்சை, ஒரு பாதி கறுப்பு.

தொழிற்சாலைச் சுவருக்குப் பின்னால், பனியை உடைத்து, அவளைத் தனியாக இறக்கினார்கள். நகராட்சிச் செலவில் நல்ல பளிங்குக் கல் வைத்தார்கள். அதில் இரண்டு பெயர் வெட்டியிருந்தது, லியெர்கா, நசீஃப். இரண்டு பிறந்த வருஷம், இரண்டு இறந்த வருஷம், நடுவில் கோத்த இரண்டு கைகள்.

வசந்தத்தில் அதே உயரமான அம்மாள் வந்தாள். வெள்ளை லில்லி கொண்டுவந்து வைத்து, முட்டி போட்டு, நிஜமாகவே அழுதாள். பாவம், அவள் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. எழுந்தபோது கூட்டத்தில் என்னைப் பார்த்து, இவர்களை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். மேயரின் மருமகள் மொழிபெயர்த்தாள்.

"தெரியும்" என்றேன். "கீழ இவ ஒருத்திதான் இருக்கா. அவரு ஆத்துக்கு அந்தப் பக்கம் மேட்டுல இருக்காரு. இங்கேர்ந்து பார்த்தாத் தெரியாது. அதனாலதான் இங்க வேணாம்னு சொன்னா. அப்படியே சொல்லும்மா, ஒரு வார்த்தை விடாம."

மருமகள் மேயரைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாளின் மொழியில் ஏதோ சொன்னாள், நான் சொன்னதைவிட ரொம்பச் சின்னதாக. அந்த அம்மாள் இரண்டு கையாலும் என்னைக் கட்டிக்கொண்டாள். கேமராக்கள் எங்கள் பக்கம் திரும்பின. மறுவாரம் அந்தப் படத்தைப் பெரிதாக அடித்து நகராட்சி வாசலில் மாட்டச் சொல்லி என் கடைக்குத்தான் அனுப்பினார்கள்.